பாஸ்க் நாட்டு வீட்டம்மாவும் நெப்போலியன் சட்டமும்

நம் ஊரில் சவேரியார், சேவியர், சவரிமுத்து, சவரிராயன் என்று பெயர் வைத்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். இந்தப் பெயர்களுக்கு மூலம் புனித பிரான்சிஸ் சவேரியார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'சவேரியார்' என்றால் என்ன பொருள் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அது பாஸ்க் மொழிச் சொல். 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. 'எச்சேபெர்ரி' என்ற புது வீடுதான் காலப்போக்கில் ஹாவியேர் ஆகி, பிரெஞ்சில் க்சவியே ஆகி, நம்மிடம் சவேரியார் ஆனது. ஆக, நம் சவரிமுத்து உண்மையில் 'புதுவீட்டு முத்து'!

சவேரியார் 1506ல் நவார் நாட்டில் பிறந்தார். அவருடைய அப்பா ஹுவான் தெ ஹாசோ, நவார் மன்னரின் ஆலோசனைச் சபைத் தலைவராக இருந்த பெரிய மனிதர். இருந்தும் மகனுக்கு அப்பாவின் பெயர் நிலைக்கவில்லை. ஹாவியேர் கோட்டை அம்மா மரியா தெ அஸ்பில்குவேத்தாவின் வழியாக வந்த சொத்து. பிள்ளை அந்த வீட்டின் பெயரால் உலகறிந்தார். அவருடைய அண்ணன்களில் ஒருவர் ஹுவான் தெ அஸ்பில்குவேத்தா என்று அம்மாவின் குடும்பப் பெயரையே தாங்கினார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பெயர். 1515ல் அப்பா இறந்த பிறகு, 1529ல் தாம் இறக்கும்வரை, மரியா அம்மாள்தான் அந்த வீட்டுக்குத் தலைமை.

சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் பரதவ மக்களிடையே வேலை செய்தபோது எழுதிய கடிதம் ஒன்றில், இந்த மக்களின் மொழி மலபார் மொழி, என் மொழியோ பிஸ்காயா மொழி, ஒருவருக்கொருவர் புரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஐரோப்பியர்கள் தமிழை மலபார் மொழி என்றார்கள். பாஸ்க் மொழியைப் பிஸ்காயா மொழி என்றார்கள். அப்படிப் பார்த்தால் நமக்கும் பாஸ்க்காரர்களுக்கும் பழக்கம் ஏறக்குறைய 480 வருஷத்துப் பழக்கம்.

பிள்ளைக்கு ஏன் அம்மா வழி வீட்டின் பெயர் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஐரோப்பாவின் ஒரு மூலையில் பெண்களுக்கு இருந்த வினோதமான சட்ட நிலைக்குப் போய்ச் சேருகிறோம். நெப்போலியனின் கோட் சிவிலோடு ஏதோ ஒரு வகையில் வாழ்ந்த புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே புரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

பாஸ்க் நாடு பிரனே மலையின் இரண்டு பக்கமும் பரந்து கிடக்கிறது. தெற்கே ஸ்பெயின் பக்கத்தில் பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆலவா, நவார். வடக்கே பிரான்ஸ் பக்கத்தில் லபூர், பாஸ் நவார், சூல் என்ற மூன்று சிறு மாகாணங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழக்காற்றுச் சட்டம். தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக வந்த வழக்கங்களை மன்னர்கள் எழுதி வைக்கச் சொன்னார்கள். லபூர் வழக்காறு 1514ல் எழுதப்பட்டது. சூல் வழக்காறு 1520ல். பிஸ்காயாவின் சட்டம் 1452ல் எழுதப்பட்டு, 1526ல் திருத்தி எழுதப்பட்டது. பாஸ் நவாருக்கு 1611ல்.

இந்தச் சட்டங்களில் லபூரின் சட்டத்தை முதலில் பார்ப்போம். சாதாரணக் குடியானவர் வீட்டில், தலைமுறை வழியாக வந்த வீடும் நிலமும் யாருக்கு? முதலில் பிறந்த பிள்ளைக்கு. அது ஆணா பெண்ணா என்ற கேள்வியே கிடையாது. தலைச்சன் பெண்ணாக இருந்து, அவளுக்குப் பிறகு ஐந்து தம்பிகள் பிறந்தாலும் வீடு அக்காவுக்குத்தான். நன்றாகக் கவனியுங்கள், இது பிரபுக்களின் சட்டமல்ல. அங்கே பிரபுக்களின் சொத்துக்கு மூத்த மகனுக்கே முன்னுரிமை. ஆண் பெண் பேதம் பார்க்காதவன் மாடு மேய்த்து, கம்பு விதைத்து, மீன் பிடித்து வாழ்ந்த ஏழைக் குடியானவன்தான். சூலில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறியது. சில இடங்களில் மகனுக்கு முன்னுரிமை, சில இடங்களில் தலைச்சன் யாரோ அவருக்கு.

தலைச்சன் பெண்ணாகப் பிறப்பது ஏறக்குறைய சரிபாதி. அப்படியானால் ஊரில் ஏறக்குறைய பாதி வீடுகளில் மருமகள் வருவதற்குப் பதிலாக மருமகன் வருகிறான். நம் பக்கத்தில் 'வீட்டோட மாப்பிள்ளை' என்றால் கொஞ்சம் கேலி கலந்திருக்கும். அங்கே அது கேலி இல்லை, ஊர் நடப்பு. வருகிறவன் சீதனம் கொண்டுவர வேண்டும். மருமகள் வந்தாலும் சீதனம், மருமகன் வந்தாலும் சீதனம். வீட்டில் பிறந்தவருக்கு வீடு, வெளியிலிருந்து வருகிறவருக்குச் சீதனம் என்பதுதான் கணக்கு. வந்த மருமகனை ஊரார் மனைவியின் வீட்டுப் பெயராலேயே அழைத்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்கும் அதே பெயர். ஆள் மாறுவான், வீடு மாறாது.

வீட்டுத் தலைவிக்கு 'எச்சேகோ ஆந்த்ரே' என்று பெயர். நம் தமிழில் 'வீட்டம்மா' என்பது மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் அது வெறும் மரியாதைச் சொல் அல்ல, ஒரு பதவி. பாஸ்க் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதா கோயிலுக்குள் ஓர் இடம் உண்டு. ஆதியில் அது அந்த வீட்டாரைப் புதைத்த கல்லறை. கோயிலுக்குள் புதைப்பது நின்ற பிறகும் அந்த இடம் அந்த வீட்டுக்குச் சொந்தமாகவே இருந்தது. அங்கே உட்காருகிறவள் வீட்டம்மா. சிறு பலகையில் மெல்லிய மெழுகுத்திரியைச் சுற்றி வைத்திருப்பார்கள். பூசை நேரத்தில் அதை ஏற்றி, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது அவள் கடமை. லபூர் கோயில்களில் ஆண்கள் மேலே மரத்தட்டியில் நிற்க, கீழே நடுக்கோயில் முழுவதும் பெண்களுடையது. வீட்டை விற்றால் கோயில் இடமும் கல்லறையும் வீட்டோடு சேர்ந்து வாங்கியவனுக்குப் போய்விடும். முன்னோர் கூட வீட்டுக்குச் சொந்தமே தவிர ஆளுக்குச் சொந்தமில்லை.

கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, துணி துவைத்து, மணியடித்துப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வேலையைப் பல பாஸ்க் ஊர்களில் பெண்களே செய்தார்கள். 'செரோரா' என்று அவர்களுக்குப் பெயர். கன்னியாஸ்திரி அல்ல, வார்த்தைப்பாடு கொடுத்தவளும் அல்ல. ஆனால் முறையாக நியமிக்கப்பட்டு, வருமானமும் தங்க வீடும் பெற்றவள். மணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் கௌரவமான உத்தியோகம் அது.

இனி திருமண ஒப்பந்தத்துக்கு வருவோம். ஆவணங்களோடு காலம் கழித்த குமாஸ்தாவான எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பையோனில் சட்ட வரலாற்றுப் பேராசிரியராக இருந்த மாயிதே லஃபூர்காது, பதினாறாம் லூயி காலத்து லபூர் நொத்தேர்களின் திருமண ஒப்பந்தங்களைப் படித்து ஒரு பெரிய ஆய்வு நூல் எழுதினார். வாரிசுக்குக் கல்யாணம் நடக்கும்போது, பெற்றோர் வீட்டில் பாதியை அப்போதே இளைய தம்பதிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு நான்கு எசமானர்கள். மூத்த எசமானும் எசமானியும், இளைய எசமானும் எசமானியும். ஒரு சோடி சம்மதிக்காமல் மறு சோடி வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. ஒத்துப்போகவில்லை என்றால் விளைச்சலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், வீட்டை உடைக்கக் கூடாது. மாமியார் மருமகள் சண்டைக்கு (அங்கே மாமனார் மருமகன் சண்டைக்கும்) ஒப்பந்தத்திலேயே வழி சொல்லி வைத்திருந்தார்கள்.

மலைக்குத் தெற்கே பிஸ்காயாவில் முறை வேறு. அங்கே தலைச்சனுக்குத் தானாக வீடு போகாது. பெற்றோர் இருவரும் சேர்ந்து பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். மற்றவர்களை 'ஒதுக்கி வைப்பதற்கு' ஏதோ கொஞ்சம் நிலம் கொடுத்தால் போதும். நடைமுறையில் இது ஒரு சடங்கு போல் ஆகி, ஒரு ஓடு, ஒரு மரம், ஒரு ரியால் காசு என்று எழுதி முடித்தார்கள். கணவன் மனைவிக்குப் பிள்ளை இருந்தால், இருவரும் கொண்டுவந்தது, சம்பாதித்தது எல்லாம் ஒன்றாகிச் சரிபாதியாகும். மனைவி சம்மதமில்லாமல் கணவன் நிலபுலனை விற்க முடியாது. வாரிசைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம். கணவன் முதலில் போய்விட்டால் எந்தப் பிள்ளைக்கு வீடு என்று முடிவு செய்கிறவள் விதவைதான். அந்த அதிகாரம் கையில் இருக்கும்வரை எந்த மகனும் அம்மாவை அலட்சியப்படுத்த மாட்டான் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. 2,000 வருஷத்துக்கு முன்பே கிரேக்க நூலாசிரியர் ஸ்த்ராபோ, பாஸ்க்காரர்களுக்கு அண்டை மக்களான காந்தாப்ரியர்களைப் பற்றி எழுதியபோது, அங்கே ஆண்கள் பெண்களுக்குச் சீதனம் தருகிறார்கள், மகள்கள் சொத்துக்கு வாரிசாகிறார்கள், சகோதரிகள் தம்பிகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள் என்று சொல்லி, இது ஒருவகைப் பெண்ணாட்சி, நாகரிகமானதல்ல என்று முகம் சுளித்தார்.

முகச் சுளிப்போடு நின்றவர் ஸ்த்ராபோ. 1609ல் மன்னர் நான்காம் ஹென்றியின் ஆணையோடு லபூருக்கு வந்த போர்தோ நீதிபதி பியேர் தெ லாங்கிர் அப்படி நிற்கவில்லை. சூனியக்காரிகளைத் தேடி விசாரிப்பது அவருக்கு இட்ட வேலை. சில மாதங்களில் பலரைக் கொளுத்தினார். அவர் 1612ல் வெளியிட்ட புத்தகத்தில் அவருக்குப் பிடிக்காதவை வரிசையாக வருகின்றன. ஆண்கள் நியூஃபவுண்ட்லாந்து வரை மீன் பிடிக்கப் போய்விடுகிறார்கள், பெண்கள் தனியே ஊரை நடத்துகிறார்கள். கோயிலில் பெண்கள் உபதேசியார் வேலை செய்கிறார்கள். பரம ஏழைகள் கூட, பன்றித் தொழுவம் போன்ற வீடாக இருந்தாலும், இன்ன வீட்டு எசமான், இன்ன வீட்டு எசமானி என்று பட்டம் போட்டுக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் அவருடைய சொந்த மூதாதையரே பாஸ்க்காரர்கள். சட்டம் கொடுத்த உரிமையால் அந்தப் பெண்களின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பிற்காலத்தில் சில எழுத்தாளர்கள் எதிர்த் திசையில் போனார்கள். பாஸ்க் நாட்டில் ஆதியிலிருந்தே தாயாட்சி என்று எழுதினார்கள். 1980களில் தெரேசா தெல் வாலியே என்ற மானிடவியலாளரும் அவருடன் சேர்ந்த பெண் ஆய்வாளர்களும் 'இது அழகான கற்பனை, நிஜம் வேறு' என்று ஆதாரத்தோடு மறுத்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க்காரியம் பேசக் கூடிய கூட்டத்துக்கு வழக்கமாக ஆண்களே போனார்கள். வாரிசு மகளாக இருந்தாலும் வீட்டின் சார்பில் பேசப் போகிறவன் பெரும்பாலும் அவள் கணவன். லபூர் முழுமைக்குமான சபை உஸ்தாரிட்ஸ் ஊரில் கூடியபோதும் அங்கே இருந்தவர்கள் ஆண்கள்.

வாரிசுப் பெண்ணும் சுதந்திரப் பறவை அல்ல. அவள் வீட்டை நினைத்தபடி விற்க முடியாது. சொந்தபந்தம் வந்து தடுக்கும், விற்றாலும் மீட்டுக்கொள்ளும். இரண்டு வீடு ஒன்றாகிவிடும் என்பதால், பக்கத்து வீட்டு வாரிசை அவள் கல்யாணம் செய்துகொள்வதும் வழக்கமில்லை. யார் மருமகனாக வருவது என்பதில் பெற்றோரின் கணக்கே முதலில். பெற்றோரைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும், தம்பி தங்கைகளுக்குச் சீதனம் சேர்க்க வேண்டும், கல்லறையில் விளக்கேற்ற வேண்டும். நம் வீடுகளில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இந்தச் சுமை எப்படிப்பட்டது என்று தெரியும்.

இளையவர்கள் பாடு இன்னும் மோசம். கொஞ்சம் சீதனத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு வீட்டு வாரிசைக் கட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் கல்யாணமே செய்யாமல் அண்ணன் அல்லது அக்கா வீட்டில் உழைத்துச் சாப்பிட்டுச் சாகலாம். ஆண் என்றால் கடலுக்கோ குருமடத்துக்கோ அமெரிக்காவுக்கோ போகலாம். பெண் என்றால் பையோன் நகரத்து வீடுகளில் வேலைக்குப் போகலாம். ஒரு பிள்ளைக்காக மற்ற எல்லாப் பிள்ளைகளும் விட்டுக்கொடுத்தார்கள்.

ஆகவே அந்தச் சட்டம் பெண்ணுக்காகப் போட்ட சட்டம் அல்ல. வீட்டுக்காகப் போட்ட சட்டம். வீடு உடையாமல் நிலைக்க வேண்டும், அதற்கு ஒரு தலை வேண்டும், முதலில் வந்த தலை எதுவோ அது. சட்டத்தின் கண் வீட்டின் மேல் இருந்ததால் அது ஆண் பெண் என்று பார்க்கவில்லை.

பிறகு புரட்சி வந்தது. 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு பிரான்சின் எல்லாச் சலுகைகளும் மாகாண உரிமைகளும் ஒழிந்தன. 1790ல் மூன்று பாஸ்க் மாகாணங்களையும் பெயார்ன் பகுதியோடு சேர்த்து ஒரே மாவட்டமாக்கினார்கள். லபூரின் பிரதிநிதிகளான கரா சகோதரர்கள் சபையில் எதிர்த்துப் பேசியும் பயனில்லை. 1794 ஜனவரிச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. எத்தா சிவில் பதிவேடு பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் விளைவு உடனே புரியும். பிள்ளைக்கு இனி அப்பாவின் குடும்பப் பெயர்தான், அம்மாவின் வீட்டுப் பெயர் அல்ல. ஒரு வரியில் வீட்டின் பெயர் காகிதத்திலிருந்து போய்விட்டது.

1804ல் கோட் சிவில் வந்தது. பெண்களைப் பொறுத்தவரை இந்தப் புத்தகத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம், மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஓட்டையும் ரியால் காசையும் வாங்கிக்கொண்டு போன தங்கைக்கு இது பெரிய நியாயம், அதில் சந்தேகமே இல்லை. மறுபக்கம், 213ஆம் பிரிவு. கணவன் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி கீழ்ப்படிய வேண்டும். 215: கணவன் அனுமதியில்லாமல் மனைவி வழக்காட முடியாது. 217: கணவன் சம்மதமில்லாமல் எதையும் கொடுக்கவோ விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. 1421: தம்பதியின் பொதுச் சொத்தைக் கணவன் தனியாக நிர்வகிப்பான், மனைவியைக் கேட்காமலே விற்கலாம். மனைவியின் சொந்தச் சொத்தைக் கூட நிர்வகிக்கிறவன் கணவன்தான், அந்த நிலத்தை விற்க மட்டும் அவள் சம்மதம் வேண்டும்.

லபூரில் 1780ல் கல்யாணம் ஆன ஒரு வாரிசுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அவள் எசமானி. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு முழம் நிலம் நகராது. அவள் மகளுக்கு 1805ல் கல்யாணம். மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் புருஷனின் அனுமதியில்லாமல் அந்தப் பங்கைத் தொட முடியாது. அம்மாவுக்கு இருந்த அதிகாரம் மகளுக்கு இல்லை. சித்திக்கு இல்லாமல் போன பங்கு மகளின் தங்கைக்கு உண்டு. சமத்துவம் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பங்கில் சமத்துவம் வேறு, அதிகாரத்தில் சமத்துவம் வேறு. பழைய சட்டம் ஒருத்திக்கு அதிகாரத்தைக் கொடுத்து மற்றவர்களுக்குப் பங்கை மறுத்தது. புதிய சட்டம் எல்லோருக்கும் பங்கைக் கொடுத்து, கல்யாணம் ஆனவளிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கியது.

பாஸ்க் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் சொத்தில் கால் பங்கை மட்டும் பெற்றோர் இஷ்டப்படி கொடுக்கலாம் என்று கோட் சிவில் அனுமதித்தது. அந்தக் கால் பங்கை வாரிசுக்கு எழுதினார்கள். வீட்டின் மதிப்பைக் குறைத்துப் போட்டார்கள். இளையவர்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். 1830களுக்குப் பிறகு அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் கப்பல் ஏறினார்கள். இப்படி உடையாமல் தப்பிய வீடுகள் ஏராளம். சட்டத்தை ஏமாற்றி வீட்டைக் காப்பாற்ற முடிந்தது, வீட்டம்மாவின் சட்ட அதிகாரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நொத்தேர் முன்னால் கணவன் கையெழுத்து இல்லாமல் அவள் கையெழுத்து செல்லாது.

இங்கேதான் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. அதே கோட் சிவில் 1819ல் புதுச்சேரிக்கும் வந்தது. ஆனால் இங்கே உள்ளூர் மக்களுக்கு அவரவர் சட்டமும் வழக்கமுமே செல்லும் என்று அப்போதே எழுதி வைத்தார்கள். வேண்டியவர்கள் தங்கள் வழக்கத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறலாம் என்று 1881 செப்டம்பர் 21 தெக்ரே வந்தது. அப்படி மாறியவர்கள்தான் நம் ஊரின் 'ரெனோன்சான்'கள். அவர்களின் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. கடல் கடந்த நமக்குக் கொடுத்த இந்தத் தெரிவை, பாரீசிலிருந்து 800 கிலோமீட்டரில் இருந்த பாஸ்க்காரனுக்குக் கொடுக்கவில்லை. அவன் குடிமகன், ஆகவே எல்லோருக்கும் ஒரே சட்டம். நாம் குடியேற்ற நாட்டு மக்கள், ஆகவே நம் வழக்கம் நம்மோடு. எது மரியாதை, எது அலட்சியம் என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1804ல் எடுத்துக்கொண்டதைப் பிரான்ஸ் எத்தனை தவணையில் திருப்பிக் கொடுத்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1907ல், மனைவி சம்பாதித்த கூலி அவளுக்கே என்றது சட்டம். 1938ல், மனைவிக்குச் சட்டத் தகுதியில்லை என்ற நிலையும் கீழ்ப்படிதல் கடமையும் போயின. 1942ல், கணவன் குடும்பத் தலைவன் என்று எழுதினார்கள். 1965 ஜூலையில்தான் கணவன் அனுமதியின்றி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் வழி பிறந்தது. நம்மில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். தம்பதியின் சொத்தை இருவரும் சமமாக நிர்வகிக்கலாம் என்று கடைசியாக எழுதியது 1985 டிசம்பரில். ஆக மொத்தம் 181 வருஷம்.

ஸ்பெயின் பக்கத்திலும் கதை அதிகம் மாறவில்லை. அங்கேயும் 'கணவனின் அனுமதி' என்ற நிபந்தனை 1975 மே மாதம்தான் நீங்கியது. ஆனால் பிஸ்காயாவின் பழைய சட்டம் முழுவதுமாகச் சாகவில்லை. 1992லும் 2015லும் பாஸ்க் நாடாளுமன்றம் அதைப் புதுப்பித்து எழுதியது. இன்றும் அங்கே கணவனும் மனைவியும் வாரிசைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குக் கட்டாயமாக ஒதுக்க வேண்டிய மூன்றில் ஒரு பாகத்தை ஒரே பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

லபூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் பழைய வீடுகளின் வாசல் நிலைக்கு மேலே கல்லில் பொறித்த எழுத்தைப் பார்க்கலாம். கட்டிய வருஷமும், கட்டியவர்கள் பெயரும் இருக்கும். பல வீடுகளில் கணவன் பெயரோடு மனைவி பெயரும் சேர்ந்தே பொறித்திருக்கிறது. பதிவேடு எழுதும் முறை மாறியது, சட்டம் மாறியது, அந்தக் கல்லை யாரும் எடுக்கவில்லை.

நம் வீட்டுப் பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அம்மா, பாட்டி பெயர் எந்தப் பத்திரத்தில், எந்த இடத்தில், என்ன உரிமையோடு வருகிறது என்று பாருங்கள். பங்கு கிடைத்ததா, அதிகாரம் கிடைத்ததா, இரண்டும் கிடைத்ததா? தெரிந்தவர்கள் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.